சந்தேகம் சாரும் நாற்பது மிதவைகளும்

ராணுவ உளவு ஆய்வுப் பிரிவு இயங்கும் கட்டடத்தின் வாசலில் 'நில அளவை ஆவணக் காப்பகம்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். எதிரி நாட்டை ஏமாற்றுவதற்கான ஏற்பாடு அது. எதிரி நாடு ஏமாந்ததா என்று தெரியவில்லை, உள்ளூர்க்காரர்கள் ஏமாறவில்லை. எட்டரை மணி பஸ் அங்கே நிற்கும்போது கண்டக்டர், "உளவு ஆபீஸ்லாம் இறங்கு, இறங்கு!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்துவார். ஐந்தாறு பேர் நில அளவைக்காரர்களின் முகத்தை வரவழைத்துக்கொண்டு இறங்குவார்கள். அவர்களில் கடைசியாக, படியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்குபவர்தான் சந்தேகம் சார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது பணிப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் நலமாக இருக்கிறது. மற்ற எல்லா இடங்களிலும் அவர் சந்தேகம் சார்தான். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருட சேவை. அக்கம்பக்கத்தார் அவரை ஒற்றர் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கிப் போவார்கள். உண்மையில் அவர் நாட்டின் எல்லையை வரைபடத்தில் தவிர வேறெங்கும் பார்த்தது கிடையாது. அரசாங்கம் அவரிடம் ஒப்படைத்திருக்கும் ஆயுதங்கள் இரண்டு: ஒரு பூதக்கண்ணாடி, ஒரு ஸ்டேப்ளர். ஸ்டேப்ளருக்குத் தனியாகக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

அவருடைய வேலை இதுதான். எல்லையிலிருந்து சேதிகள் வரும். ஒவ்வொரு சேதிக்கும் அவர் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் போட வேண்டும். எழுத்து, சொன்ன ஆளுக்கு: ஏ என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், இ என்றால் கண்ணைத் திறந்துகொண்டும் நம்பக் கூடாது, எஃப் என்றால் ஆளையே தெரியாது. எண், சொன்ன சேதிக்கு: ஒன்று என்றால் உறுதி, ஐந்து என்றால் நடக்காத கதை, ஆறு என்றால் நம்மால் சொல்ல முடியாது. இந்த எழுத்தையும் எண்ணையும் பார்த்துத்தான் மேலிடம் படையை நகர்த்தும், அல்லது நகர்த்தாமல் தூங்கும். இருபத்தாறு வருடங்களில் சந்தேகம் சார் 'ஒன்று' போட்டது மொத்தம் பதினோரு தடவை. அதில் ஒன்று சூரிய கிரகணம் பற்றியது.

இந்தப் பழக்கத்தை அவர் அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் குடும்பம் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவருடைய மச்சினன் தண்ணீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர். பம்ப் ஓடும் நேரமெல்லாம் அவன் கையில் போனும் ஓடும். ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா வீட்டுக்கு வந்து வாரத்தின் சேதிகளை ஒப்படைப்பான்.

"மாமா, அடுத்த மாசத்துலேருந்து குளிருக்கும் வரி போடப் போறாங்களாம்!"

"யாரு சொன்னது மாப்ள?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா அட்ரஸ் இல்லாத ஆளு. எஃப். சேதி அஞ்சு. காபியைக் குடி."

"உங்க ஆளு கூட உக்காந்து ஒரு வதந்தியக்கூட நிம்மதியாப் பேச முடியலக்கா" என்று அவன் சமையலறையைப் பார்த்துப் புகார் செய்வான்.

அவன் அக்கா, அதாவது சந்தேகம் சாரின் மனைவி, ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறார். பகலெல்லாம் ஊசி குத்தி, குழாயில் ரத்தம் பிடித்து, குழாய்க்குப் பேர் ஒட்டுபவர். சிவப்பு மூடி எது, ஊதா மூடி எது என்பதில் கணவரைவிடக் கறார். ஒரு முறை, தன் பெரியப்பா மகன் குடும்பத்தோடு சாப்பிட வருகிறார் என்று அவர் சொன்னதற்கு, "பி, மூணு" என்று சந்தேகம் சார் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றைய சாப்பாடு வீட்டில் கடைசிவரை உறுதி செய்யப்படாத சேதியாகவே இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு தரைத்தள வீடு குறுக்கிட்டது.

சந்தேகம் சார் குடும்பம் இருப்பது ஊழியர் குடியிருப்பின் நாலாவது மாடியில். கட்டடத்தில் லிஃப்ட் உண்டு என்று ஆவணங்கள் சொல்கின்றன. லிஃப்டுக்கான பொந்து உண்டு என்பது வரை சரிதான். மனைவிக்கு வலது முட்டியில் குருத்தெலும்பு தேய்ந்துபோய் இரண்டு வருடமாகிறது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் காட்டி, "படி ஏறவே கூடாதும்மா" என்று சொல்லிவிட்டார். எழுபத்திரண்டு படி. மனைவி ஒவ்வொரு மாலையும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு வசவாக, எழுபத்திரண்டு வசவுகளோடு வீடு வந்து சேர்வார். அரசாங்கத்தில் தொடங்கி, நாலாவது மாடி வருவதற்குள் கணவரின் வம்சத்துக்கு வந்துவிடும்.

அந்த வருடம் தலைமை ஆய்வாளர் ஓய்வு பெற்றார். தலைமை ஆய்வாளருக்குத் தரைத்தளத்தில், முன்பக்கம் தோட்டம் வைத்த வீடு. வாசலுக்கு ஒரே ஒரு படி, அதுவும் அலங்காரத்துக்கு. யாருக்கு அந்த நாற்காலி என்பதைப் பிரிவின் தலைவரான கர்னல்தான் முடிவு செய்வார். போட்டியில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சந்தேகம் சார். மற்றவர், அலுவலகத்தில் 'சரிங்க' என்று அழைக்கப்படுபவர். பெயர்க்காரணம் விளக்கத் தேவையில்லை. கர்னல் தும்மினால்கூட அவர் சரிங்க என்பார்.

"சீனியர் நீதான்யா" என்று கர்னல் சந்தேகம் சாரிடம் சொல்லியிருந்தார். "ஆனா கொஞ்சம் வளைஞ்சு கொடு. எதைக் கேட்டாலும் ஆறு, ஆறுன்னா, நான் மேல போய் ஆத்தோரம் நிக்கிறவன் மாதிரி நிக்கிறேன்."

மனைவி அன்றைக்கே தரைத்தள வீட்டின் ஜன்னலை வெளியிலிருந்து அளந்துவிட்டு வந்தார். திரைச்சீலைக்கு.

இந்த நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை மூன்று சேதிகள் வந்தன.

நாட்டின் கிழக்கு எல்லை ஓர் ஆறு. அக்கரையில் பெரிய தார்ப்பாய் ஒன்று எதையோ மூடிக்கொண்டு கிடப்பது ஒரு மாதத்துக்கு முன் வானிலிருந்து எடுத்த படத்தில் தெரிந்திருந்தது. அதற்கடியில் என்ன இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லும்படி எல்லைக்குக் கேள்விப் படிவம் போயிருந்தது. இப்போது பதில். எல்லைக்கு மரம் வாங்கப் போய்வரும் வியாபாரி ஒருவர் சொல்கிறார்: அக்கரையில் நாற்பது மிதவைகள், ஒவ்வொன்றும் ஏழு மீட்டர். சுங்கச் சாவடிக்காரர் சொல்கிறார்: நாற்பது மிதவைகள், ஏழு மீட்டர். போதாக்குறைக்கு, அக்கரைக்காரர்களின் வயர்லெஸ் பேச்சை ஒட்டுக்கேட்ட அறையிலிருந்து ஒரு துண்டு: "…நாற்பது மிதவை, ஏழு மீட்டர்…"

மிதவைகளை ஆற்றில் வரிசையாகக் கட்டினால் பாலம். பாலத்தின் மேல் டாங்கி வரும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று வாய்கள் ஒரே சேதியைச் சொன்னால் 'ஒன்று' போடலாம் என்பது பிரிவின் விதி. கர்னல் ரொம்ப நாளாக இப்படி ஒரு மூன்றுக்காகத்தான் காத்திருந்தார்.

"மூணு பேரு! மூணும் ஒரே மாதிரி! இதுக்கு மேல என்னய்யா வேணும் உனக்கு? எதிரியே வந்து சத்தியம் பண்ணணுமா?"

"அதான் சார் உதைக்குது. மூணும் ஒரே மாதிரி இருக்கு."

"அட, உறுதிங்கறது அதான்யா!"

"சார், போன வாரம் நம்ம வராந்தாவுல நாய் நுழைஞ்சுது. பார்த்தவங்க நாலு பேரு. ஒருத்தர் கருப்புன்னாரு, ஒருத்தர் பழுப்புன்னாரு, ஒருத்தர் ரெண்டு நாய்ன்னாரு. நீங்க கன்னுக்குட்டின்னீங்க."

கர்னல் இதை ரசிக்கவில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் மேலிடத்தில் விளக்க வேண்டும். 'ஒன்று' என்று போட்ட காகிதம் போனால், ஆற்றங்கரை ஊரிலிருந்து இரண்டாயிரம் குடும்பங்களை மூட்டை முடிச்சோடு அப்புறப்படுத்த உத்தரவு தயாராக இருக்கிறது. பீரங்கிகளுக்கு இடம் வேண்டுமே. "புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து. அப்புறம் உன் வீட்டு விஷயம் பேசலாம்" என்றார் கர்னல். இரண்டு வாக்கியங்களையும் ஒரே மூச்சில் சொன்னார்.

சந்தேகம் சார் இடத்துக்கு வந்து பூதக்கண்ணாடியைத் துடைத்தார். மிதவையின் எண்ணிக்கை போகட்டும். ஆற்றின் இந்தக் கரையில் நின்று, தார்ப்பாய்க்கு அடியில் இருப்பதைப் பார்த்து, 'ஏழு மீட்டர்' என்று சொல்ல ஒரு மர வியாபாரியால் எப்படி முடியும்? 'பஸ் நீளம்' என்று சொன்னால் நியாயம்.

செவ்வாய்க்கிழமை அவர் மூன்றாவது மாடிக்கு, ஒட்டுக்கேட்கும் அறைக்குப் போனார். அதன் பொறுப்பாளர் ஹெட்போன் அக்கா. பன்னிரண்டு வருடங்களாகக் காதில் ஹெட்போனோடு வாழ்பவர். மாட்டாத நேரத்திலும் மாட்டியிருப்பதைப் போலவே கத்திப் பேசுவார்.

"முழு டேப்பையும் போடுங்கக்கா."

"எதுக்கு? உபயோகமான பகுதியத்தான் எழுதி அனுப்பிட்டோமே!"

"உபயோகமில்லாத பகுதி வேணும்."

"பன்னெண்டு வருஷத்துல அதைக் கேட்ட மொத ஆளு நீங்கதான்!" என்று கட்டடம் முழுவதற்கும் அறிவித்துவிட்டு அக்கா டேப்பைப் போட்டார். கரகரப்பு. பிறகு அக்கரைச் சிப்பாய் ஒருவனின் குரல்: "எதிர்க்கரைக்காரன் பாக்கறவனையெல்லாம் கேட்டுட்டுத் திரியறானாமே, நாற்பது மிதவை, ஏழு மீட்டர்னு. நமக்கு வந்திருக்கா என்ன?" இன்னொரு குரல்: "நமக்கா? இருக்கற ஒரு படகுல தண்ணி இறைக்கவே தனியா ஆள் போட்டிருக்கோம். மிதவையாம்ல!"

இருவரும் சிரிப்பது ஒன்றரை நிமிடம் பதிவாகியிருந்தது.

"இதுல எது அக்கா உபயோகமில்லாத பகுதி?"

"சிரிக்கிறதெல்லாம் எழுதக் கூடாதுன்னு உத்தரவு!"

சந்தேகம் சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு அழகான புரட்டை அவர் பிடித்ததில்லை. யாரோ ஒரு புத்திசாலி கேள்வியிலேயே பதிலை வைத்து அனுப்பியிருக்கிறான். கேள்வி ஊரைச் சுற்றிவிட்டுப் பதில் வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது. அந்த ஆசாமி யாரென்று பிடித்துவிட வேண்டும். எல்லையில் இருக்கும் தகவல் அதிகாரிக்குப் போன் போட்டார்.

"மர வியாபாரி அவராவே நாற்பதுன்னு சொன்னாரா தம்பி?"

"இல்ல சார், நான்தான் கேட்டேன், நாற்பது மிதவை இருக்கான்னு. 'இருக்கும் சார், இல்லாமலா கேப்பீங்க'ன்னாரு."

"ஏழு மீட்டர்?"

"அதையும் நான்தான் கேட்டேன். எவ்வளவு இருந்தா என்ன, சரின்னாரு."

"சுங்கச்சாவடிக்காரர்?"

"அவருக்கு மர வியாபாரி சொல்லியிருக்காரு. சுங்கச்சாவடில உக்காந்தா வேறென்ன சார் பேச்சு."

"சரி, உங்களுக்கு யாரு சொன்னது? நாற்பதும் ஏழும்?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம். "நீங்க அனுப்பின படிவத்துல இருக்கு சார்."

"நாங்கன்னா யாரு? கீழ கையெழுத்து பாருங்க. யாருது?"

"அதான் சார் சொல்றேன். உங்களுது."

சந்தேகம் சார் போனை வைத்தார். அலமாரியிலிருந்து படிவத்தின் நகலை எடுத்தார். அவர் கையெழுத்தேதான், சந்தேகத்துக்கு இடமில்லை.

ஞாபகம் மெல்ல மெல்ல வந்தது. ஒரு மாதத்துக்கு முன் புதிதாக வந்த கணினிப் படிவம் அது. எந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாலும் சிவப்பு நட்சத்திரம் காட்டி நகர மறுக்கும். 'பொருள்' என்ற கட்டத்தில் 'மிதவையா?' என்று போட்டார். அது கேள்விக்குறியை விழுங்கிவிட்டது. 'எண்ணிக்கை' என்ற கட்டத்தில் 'தெரியாது' என்று போட்டார். எண் மட்டுமே போடலாம் என்றது. பூஜ்யம் போட்டார். பூஜ்யம் செல்லாது என்றது. சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நாற்பது என்று போட்டார். ஏன் நாற்பது? அன்று காலை சட்டை போடும்போது காலரில் பார்த்த எண். 'நீளம்' என்ற கட்டத்துக்கு, நம் சொந்த ராணுவத்தின் கையேட்டிலிருந்து நம் மிதவையின் நீளத்தை எடுத்துப் போட்டார். எப்படியும் விசாரிக்கப் போகிறவர்கள் திருத்திக்கொள்வார்கள் என்று நினைத்தார். யார் சொன்னதையும் நம்பாத அந்த மனிதர், மற்றவர்களும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நம்பிவிட்டார்.

ஆக, இரண்டாயிரம் குடும்பங்கள் மூட்டை கட்டப் போவது அவருடைய கழுத்துச் சுற்றளவுக்காக.

புதன்கிழமை காலை அவர் கர்னல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். எல்லாவற்றையும் சொன்னார். கர்னல் முதலில் மேஜையைத் தட்டினார்.

"எந்த மடையன்யா அந்த நாற்பதை எழுதினவன்?"

"நான்தான் சார்."

கர்னல் தட்டின கையை அப்படியே வைத்துக்கொண்டார். பிறகு ஜன்னலை மூடினார். மூடின ஜன்னலுக்குத் திரையும் போட்டார்.

"இங்க பாரு. நேத்தே மேல போன்ல சொல்லிட்டேன். நாலு ஜெனரல் காதுல நாற்பதுன்னு போட்டாச்சு. இப்பப் போய், அது மிதவை இல்ல, எங்க ஆளு சட்டை சைஸுன்னு சொல்லவா?"

"தெரியாதுன்னு சொல்லுங்க சார்."

"அந்த வார்த்தை இந்த ஆபீஸ்லேருந்து போயி பத்து வருஷமாச்சு! சரி, ஒன்னு வேணாம். ரெண்டு போடு. 'அநேகமா உண்மை'."

"ஆறு சார்."

"மூணு! 'இருக்கக்கூடும்'. இருக்கக்கூடாதுன்னு எதாவது இருக்கா?"

"சார், இது கத்திரிக்காய் இல்ல."

"முட்டி வலிக்காரி ஒருத்தி உன் வீட்ல இருக்காய்யா" என்றார் கர்னல், குரலை இறக்கி. "அந்தப் படிவத்தை யாரும் பார்க்கப் போறதில்ல. நீயா தேடலைன்னா உனக்கே தெரிஞ்சிருக்காது."

சந்தேகம் சார் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். அவருக்கு எழுபத்திரண்டு படிகளும் வரிசையாகக் கண்ணில் வந்து போயின என்று பிற்பாடு மனைவியிடம் சொன்னார். அந்தச் சேதிக்கு மனைவி கொடுத்த எண் தெரியவில்லை.

இடத்துக்கு வந்து ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதினார். "மூன்று சேதிகளுக்கும் மூலம் ஒன்றே. அது இந்த அலுவலகத்தின் கேள்விப் படிவம். அதில் உள்ள எண்ணிக்கையும் நீளமும் என்னால் ஆதாரமின்றி நிரப்பப்பட்டவை. தவறு என்னுடையது. தார்ப்பாய்க்கு அடியில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. மதிப்பு: ஆறு." அதைப் படிவத்தோடும் முழு டேப்பின் எழுத்து வடிவத்தோடும், சிரிப்பு உட்பட, சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தார். கோப்பில் வைத்துப் பக்க எண் போட்டார். அந்தப் பிரிவில் பக்க எண் போட்ட காகிதத்தை எடுக்க ஆறு கையெழுத்து வேண்டும்; சேர்க்க ஒன்று போதும்.

கர்னல் அசரவில்லை. 'சரிங்க'வைக் கூப்பிட்டார். "இந்தக் கோப்பைப் பாரு. ஒன்னு போட்டுக் கையெழுத்துப் போடு. அவனுக்கு உடம்பு சரியில்ல."

"சரிங்க" என்று கோப்பைத் திறந்தார் அவர். முதல் பக்கம் படித்தார், சரிங்க. இரண்டாம் பக்கம் படித்தார், சரிங்க. சந்தேகம் சாரின் குறிப்பு வந்தது. பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"சார்… இது யாரோட நாற்பதுன்னு இங்கயே எழுதி, நம்பரும் போட்டிருக்கே. இதுக்குக் கீழ நான் ஒன்னுன்னு போட்டா, நாளைக்கு விசாரணைன்னு வந்தா, படிச்சுட்டுத்தான போட்டேன்னு கேப்பாங்களே…"

"அதனால?"

"அதனால… இல்லைங்க சார்."

அலுவலகமே எழுந்து நின்றது என்று சொல்கிறார்கள். இருபது வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் 'இல்லைங்க' அது. நேர்மையால் வந்ததா, பயத்தால் வந்ததா என்பது ஆராய்ச்சிக்குரியது. பலன் ஒன்றேதான். கையெழுத்துப் போட வேறு ஆள் இல்லாததால், கோப்பு 'ஆறு' என்ற எண்ணோடு வியாழக்கிழமை காலை மேலிடம் போயிற்று.

அங்கே கர்னல் அதை அளித்த விதத்தையும் சும்மா சொல்லக் கூடாது. "எங்கள் பிரிவின் இடைவிடாத சுயபரிசோதனையால், பெரும் பிழை ஒன்று உரிய நேரத்தில் தடுக்கப்பட்டது" என்றார். மேலிடம் பாராட்டிற்று. ஆற்றங்கரை உத்தரவு கிழித்துப் போடப்பட்டது. தார்ப்பாயைப் பக்கத்தில் போய்ப் பார்த்துவர ஆள் அனுப்பலாம் என்று, ஒரு மாதத்துக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டிய யோசனை ஒருவருக்கு வந்தது. ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்குத் தாங்கள் காலி செய்ய இருந்ததும் தெரியாது, காலி செய்யாமல் தப்பியதும் தெரியாது. அன்று அவர்கள் வழக்கம்போல் துணி துவைத்தார்கள்.

மத்தியானம் இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று, ஆதாரமின்றி படிவம் நிரப்பியதற்கு சந்தேகம் சாரிடம் விளக்கம் கோரியது. மற்றது, தலைமை ஆய்வாளராக 'சரிங்க'வை நியமித்தது. 'முடிவெடுக்கும் துணிவு' என்று காரணம் எழுதியிருந்தது.

அன்று மாலை ஐந்தரைக்கு, குடியிருப்பின் முதல் படியில் மனைவி காய்கறிப் பையோடு நின்றிருந்தார். சந்தேகம் சார் பையை வாங்கிக்கொண்டு, அங்கேயே, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். சட்டைக் காலரையும் மறைக்கவில்லை.

"அப்ப வீடு?"

"இல்ல."

"திரைச்சீலைத் துணி வெட்டியாச்சுங்க."

"தெரியும்."

"யாருக்குமே தெரிஞ்சிருக்காதுன்னு கர்னலே சொன்னாரு. அப்புறமும் போய் நம்பர் போட்டு வெச்சீங்க."

"ஆமா."

மனைவி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்தார். வழக்கப்படி வசவு வர வேண்டும். வரவில்லை. ஏழாவது படியில் நின்றார்.

"போன வருஷம் எங்க லேப்ல ரெண்டு குழாய் மாறிப்போச்சு. ஒட்டினது நான். நல்லா இருந்த மனுஷனுக்குச் சர்க்கரைன்னு ரிப்போர்ட் போயிடுச்சு. நானே போன் பண்ணிச் சொன்னேன். உங்ககிட்ட சொல்லல."

"ஏன்?"

"எழுத்து, நம்பர்னு எதாவது போடுவீங்க."

"அந்த ஆளு என்ன சொன்னாரு?"

"கண்டபடி திட்டினாரு. திட்டி முடிச்சுட்டு, அப்ப நான் இனிப்பு சாப்பிடலாமான்னு கேட்டாரு." மனைவி மறுபடி ஏறத் தொடங்கினார். "உங்களுக்கு ஒன்னு சொல்றேன், நல்லாக் கேட்டுக்குங்க. இனிமே கீழ இறங்கற வேலை எதுவும் எனக்குக் கிடையாது. பால், மருந்து, குப்பை, கேஸ்காரன் பெல் அடிச்சா, உங்க மச்சினன் வந்து கீழயே நின்னுக்கிட்டு போன் பண்ணினா, எல்லாம் நீங்க. வேலைக்குப் போறப்ப ஒரு தடவை இறங்குவேன், வர்றப்ப ஒரு தடவை ஏறுவேன். அவ்வளவுதான்."

"சரி."

"ரிட்டையர் ஆகற வரைக்கும்."

"சரி."

"அதுக்கப்புறமும்."

நாலாவது மாடிக்கு வந்து கதவைத் திறந்ததும் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். பையைக் கவிழ்த்துப் பார்த்தார். வெங்காயம் வாங்க மறந்துபோயிருந்தது. சந்தேகம் சார் செருப்பைக் கழற்றாமலே படிகளின் பக்கம் திரும்பினார்.